மஷ்ரூம் கோரல் சுருங்கிட்டே போகுது, ஒண்ணு கல்லை விட்டுக் கழண்டும் வந்துடுச்சு – என்ன பண்றது?

பல்லாவரம்90 · மே 3, இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இன்னைக்குத்தான் முதல் கேள்வி.

கடல் மீன் தொட்டி, 24 x 15 x 15 இன்ச். கல்லு மணல் போக 75 லிட்டர் தண்ணி இருக்கும். ஆரம்பிச்சு நாலு மாசம். ரெண்டு க்ளவுன் மீன், மூணு டர்போ நத்தை. பத்து நாள் முன்னாடி ஒரே கல்லுல ஒட்டின அஞ்சு மஷ்ரூம் பவளம் வாங்கினேன், மூணு சிவப்பு, ரெண்டு நீலம். டிஸ்கோசோமாங்கிற வகைன்னு சொன்னாங்க. "இது எதுக்கும் சாகாது, தைரியமா வைங்க"ன்னு கடையில சொன்னதை நம்பித்தான் எடுத்தேன்.

முதல் நாள் ஒவ்வொண்ணும் பொரிக்காத அப்பளம் மாதிரி விரிஞ்சு கல்லு மேல படுத்திருந்துச்சு. இப்ப ஒரு ரூபாய் காசு அளவுதான். ஓரமெல்லாம் உள்ள மடங்கி இருக்கு. இன்னைக்குக் காலையில ஒரு சிவப்பு கல்லுல இல்ல. தேடிப் பார்த்தா வேவ் மேக்கர் (அலை உண்டாக்கற பம்ப்) பின்னாடி சுருண்டு கிடக்கு. மேல, கீழ, ஓரத்துலன்னு நாலு தடவை இடம் மாத்திட்டேன், எங்கயும் விரியல.

உப்பு 1.025, வெப்பம் பகல்ல 30 வரைக்கும் போகுது, நைட்ரேட் 0, பாஸ்பேட் 0. லைட் பத்து மணி நேரம் முழு அளவுல. தண்ணி வீட்டு ஆர்ஓ. நம்பருங்க எல்லாம் சுத்தமா இருக்கு, அப்புறம் ஏன் இப்படி?

கோவை_ரீஃப் · மே 3, இரவு 11.15

லைட்டைப் பாதியாக் குறைச்சுடுங்க ப்ரோ. மஷ்ரூம் நிழல்ல வளர்றதுங்க. அயோடின் இருந்தா வாரம் ஒரு தடவை ரெண்டு சொட்டு விடுங்க. நான் அப்படித்தான் விடறேனுங்க, நல்லா விரியுது.

கடல்வீடு · மே 4, காலை 6.05

தம்பி, மருந்தும் சொட்டும் போடும் முன் நான்கு விஷயம் சொல்லுங்கள்.

உப்பை எதில் அளக்கிறீர்கள்? முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரா, ஒரு சொட்டுத் தண்ணீரில் ஒளி வளைவதை வைத்து அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரா? ஆவியாகும் தண்ணீரை எத்தனை நாளுக்கு ஒருமுறை ஊற்றுகிறீர்கள்? வீட்டு ஆர்ஓ தண்ணீரில் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) எவ்வளவு? கடைசியாக, அந்த ஆர்ஓ மெஷினில் "காப்பர்" என்று எங்காவது எழுதியிருக்கிறதா? மெஷினின் முன்பக்கத்தைப் போய்ப் பாருங்கள்.

இதற்கிடையில் கழன்றதை பம்ப் பக்கம் விட்டுவைக்காதீர்கள். உறிஞ்சும் துளையில் மாட்டினால் கிழிந்துவிடும். ஒரு பழைய தயிர் டப்பாவில் போட்டு, தொட்டிக்குள்ளேயே தண்ணீர் அசைவு குறைந்த மூலையில் வையுங்கள். கையால் நசுக்கிப் பிடிக்காமல், அடியில் கரண்டியைக் கொடுத்துத் தூக்குங்கள்.

பல்லாவரம்90 · மே 4, காலை 7.50

ரொம்ப நன்றி சார். ஹைட்ரோமீட்டர்தான், முள்ளு வச்சது. தண்ணி மூணு நாளுக்கு ஒரு தடவை ஊத்துவேன். மேல டேபிள் ஃபேன் ஓடுது, தினம் ரெண்டு லிட்டர் குறையும். டிடிஎஸ் மீட்டர் ஆபீஸ் நண்பர்கிட்ட வாங்கி இப்பதான் பார்த்தேன், 84 காட்டுது.

நீங்க சொன்ன மாதிரி மெஷின் முன்னாடி "ஆர்ஓ + யுவி + காப்பர்"னு இருக்கு. அம்மாவுக்காகத் தேடி வாங்கினது, காப்பர் உடம்புக்கு நல்லதுன்னு. இன்னொண்ணு சொல்ல விட்டுட்டேன். மூணு நத்தையில ரெண்டு போன மாசமே செத்துப்போச்சு. பட்டினின்னு நினைச்சேன்.

கடல்வீடு · மே 4, காலை 9.20

சார் வேண்டாம், அக்கா என்றே கூப்பிடுங்கள்.

நத்தைகள் பட்டினியில் சாகவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நமக்கு நல்லது என்று குடிக்கும் செம்பு, முதுகெலும்பில்லாத கடல் உயிர்களுக்கு விஷம். மீனுக்கு வரும் வெள்ளைப்புள்ளி நோய்க்கு நாமே செம்பு மருந்து போடுகிறோம். மீன் தாங்கிக்கொள்ளும், ஒட்டுண்ணி சாகும். அதனால்தான் அந்த மருந்தைப் பவளமும் நத்தையும் இறாலும் இருக்கிற தொட்டியில் போடக் கூடாது என்று சொல்வது. உங்கள் விஷயத்தில் அது தினம் ரெண்டு லிட்டர் கணக்கில் சிறிது சிறிதாகப் போயிருக்கிறது. தண்ணீர்தான் ஆவியாகும், செம்பு உள்ளேயே தங்கும். நாலு மாதமாகச் சேர்ந்திருக்கிறது. இந்த அளவுக்குக் குறைவாக இருந்தால் சாதாரண டெஸ்ட் கிட்டில் தெளிவாகத் தெரியாமல்கூடப் போகலாம்.

வீட்டு ஆர்ஓ மெஷின்களில் எல்லாரும் தவறவிடுகிற இடம் ஒன்று உண்டு. மெம்பரேன் என்கிற வடிகட்டும் சவ்விலிருந்து வெளிவரும் தண்ணீர் நன்றாகத்தான் இருக்கும். அதற்குப் பிறகுதான் ருசிக்காக மினரல் கார்ட்ரிஜ், காப்பர் கார்ட்ரிஜ் எல்லாம் வரும். பல மாடல்களில் டிடிஎஸ் கண்ட்ரோலர் என்று ஒரு திருகு இருக்கும். அது ஆர்ஓ ஆகாத தண்ணீரையும் கொஞ்சம் கலந்துவிடும். குடிக்க அது வேண்டும், தொட்டிக்கு வேண்டாம். சர்வீஸ்காரரிடம் சொன்னால் மெம்பரேனுக்கும் அடுத்த கார்ட்ரிஜுக்கும் நடுவில் ஒரு டீ (T வடிவ மூன்று வழி இணைப்பு) போட்டு, தனிக் குழாய் எடுத்துக் கொடுப்பார். அதன் பின்னால் மிச்ச உப்பையும் இழுக்கிற டிஐ ரெசின் குடுவை ஒன்று வைத்தால் டிடிஎஸ் 0 வரும். அம்மாவின் குடிநீரில் ஒன்றும் மாறாது.

இன்றே செய்ய வேண்டியது: ஆக்டிவேட்டட் கார்பனை ஒரு வலைப்பையில் போட்டு, தண்ணீர் ஊடே ஓடும் இடத்தில் வையுங்கள். குப்ரிசார்ப் மாதிரி செம்பை இழுக்கிற ரெசின் கிடைத்தால் இன்னும் நல்லது. சுத்தமான தண்ணீர் கிடைத்ததும் நாலு நாளைக்கு ஒருமுறை 15 லிட்டர் வீதம் நாலைந்து முறை மாற்றுங்கள். ஒரே நாளில் பாதித் தொட்டியை மாற்றிவிடாதீர்கள். ஏற்கெனவே நொந்துபோன உயிருக்கு அது இன்னொரு அடி. பாறையும் மணலும் செம்பைப் பிடித்து வைத்திருந்து மெதுவாக விடும், அதனால் ஒரு மாதத்துக்காவது அந்த ரெசின் உள்ளேயே இருக்கட்டும்.

கடல்வீடு · மே 4, காலை 9.45

உப்பை விட்டுவிட்டேன். 75 லிட்டர் தண்ணீர், உப்பு ஆயிரத்துக்கு 35 (ஹைட்ரோமீட்டர் கணக்கில் 1.025 என்பது கிட்டத்தட்ட இதுதான்). மூன்று நாளில் 6 லிட்டர் ஆவியானால் 69 லிட்டரில் அதே உப்பு, அதாவது 38. பிறகு ஒரே மூச்சில் 6 லிட்டர் ஊற்றியதும் திரும்ப 35. வாரத்தில் இரண்டு முறை இந்த ஊஞ்சல். மஷ்ரூமுக்கு எலும்புக்கூடு கிடையாது, தண்ணீரை நிரப்பித்தான் அது விரிந்து நிற்கிறது. வெளியே உப்பு ஏறினால் முதலில் சுருங்குவது அதுதான். காலையில் ஒரு லிட்டர், இரவில் ஒரு லிட்டர் என்று தினமும் ஊற்றுங்கள். தொட்டிக் கண்ணாடியில் ஒரு மார்க்கர் கோடு போட்டு அந்தக் கோடு வரை ஊற்றினால் போதும்.

முள் ஹைட்ரோமீட்டரில் முள்ளின் மேல் ஒரு காற்றுக்குமிழ் ஒட்டினாலே அளவு கூடக் காட்டும். ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கும்போது 35 என்று குறித்த சரிபார்ப்புத் திரவத்தையும் சேர்த்து வாங்குங்கள்.

கோவை_ரீஃப் · மே 4, மதியம் 1.30

காப்பர் விஷயம் எனக்கே புதுசுங்க, நானும் போய் மெஷினைப் பார்த்துட்டு வந்தேன். நல்லவேளை எங்க வீட்டுல இல்லை.

ஆனா அயோடின் பத்தி அக்கா ஒண்ணும் சொல்லலையே? பல வருஷமா மஷ்ரூம் வளர்க்கறவங்க அயோடின் விடச் சொல்றாங்களேங்க.

கடல்வீடு · மே 4, மாலை 7.10

நானும் முதல் இரண்டு வருடம் விட்டேன். அப்புறம் நிறுத்தினேன், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. உப்புக் கலவையிலேயே அயோடின் இருக்கிறது, தவறாமல் தண்ணீர் மாற்றினால் அதுவே போதும். அளந்து பார்க்க முடியாத எதையும் 75 லிட்டர் தொட்டியில் சொட்டாதீர்கள் என்பதுதான் என் கருத்து. பெரிய தொட்டியில் ஒரு சொட்டு கூடினால் தாங்கும், சிறியதில் தாங்காது. உங்களுக்கு நன்றாக வருகிறது என்றால் விடுங்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் நோய்ப்பட்ட தொட்டியில் புதிதாக ஆரம்பிக்க வேண்டாம்.

லைட் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. டிஸ்கோசோமாவுக்கு 50 முதல் 100 பார் (PAR, பாசிக்குப் பயன்படும் வெளிச்சத்தின் அளவு) போதும். தம்பி, பார் மீட்டர் இல்லாவிட்டால் அதன் உடம்பையே பாருங்கள். வெளிச்சம் அதிகமானால் ஓரம் உள்ளே மடங்கும், நிறம் வெளுக்கும். குறைந்தால் தண்டு நீண்டு, நாகஸ்வரத்தின் அணசு மாதிரி மேல்நோக்கி விரியும். நடுவில் இருந்தால் கல்லோடு படிந்து, வட்டமாக, ஓரம் லேசாக அலை அலையாக இருக்கும். அதுதான் வேண்டும்.

நைட்ரேட் 0, பாஸ்பேட் 0 என்பதைச் சுத்தம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மஷ்ரூமின் உடம்புக்குள் இருக்கும் நுண்பாசிதான் அதற்குப் பெரும்பங்கு சோறு போடுகிறது, அந்தப் பாசிக்கும் உரம் வேண்டும். நைட்ரேட் 5 முதல் 15, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 என்று இருக்கட்டும். பாஸ்பேட் உறிஞ்சும் மீடியா போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். மீனுக்கு இன்னும் ஒரு சிட்டிகை கூடுதலாகப் போடலாம்.

சிங்கை_உப்பு · மே 4, இரவு 9.00

சிங்கப்பூரில் இருக்கும் தமிழ் நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. இங்கே குழாய் நீரில் கிருமி கொல்ல க்ளோரமின் (க்ளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) சேர்க்கிறார்கள். ஒரு ராத்திரி வாளியில் வைத்தால் போய்விடும் என்பது க்ளோரினுக்குப் பொருந்தும், க்ளோரமினுக்குப் பொருந்தாது. கார்பன் வடிகட்டியைக் காலம் தவறாமல் மாற்றுங்கள். நான் ஒருமுறை விட்டுவிட்டு ரிகார்டியா யூமா என்ற மஷ்ரூம் ஒன்றை இழந்தேன். யூமா மஷ்ரூம்களிலேயே தொட்டாச்சுருங்கி, முதல் தொட்டிக்கு வேண்டாம். கரீபியன் கடலிலிருந்து வரும் ரிகார்டியா ஃப்ளோரிடா அதைவிடப் பல மடங்கு தாங்கும்.

பல்லாவரம்90 · மே 6, இரவு 10.20

அக்கா, சர்வீஸ்காரர் வந்து டீ போட்டுக் கொடுத்துட்டார். டிஐ குடுவையும் வாங்கிட்டேன். இப்ப மீட்டர்ல 0. முதல் 15 லிட்டர் மாத்தியாச்சு, கார்பனும் ரெசினும் உள்ள இருக்கு. ரிஃப்ராக்டோமீட்டர்ல பார்த்தா உப்பு 38. ஹைட்ரோமீட்டர் அதே தண்ணிக்கு 1.025ன்னு காட்டுது.

டப்பாவுல இருக்கிற சிவப்பைப் பத்தித்தான் பயம். வாயிலிருந்து வெள்ளையா நூல் மாதிரி வெளிய வந்திருக்கு. செத்துடுச்சா? ஃபெவிக்விக் போட்டுக் கல்லுல ஒட்டிடவா?

கடல்வீடு · மே 7, காலை 5.50

சாகவில்லை. அந்த வெள்ளை நூல்கள் அதன் குடல் இழைகள். நொந்துபோனாலும், பக்கத்தில் வேறு பவளம் உரசினாலும் வெளியே தள்ளும், பிறகு உள்ளே இழுத்துக்கொள்ளும். செத்ததா என்று பார்க்க ஒரே வழி: டப்பாவைத் தூக்கி மோந்து பாருங்கள். அழுகின மீன் வாடை அடித்து, தொட்டால் கூழாகக் கரைந்தால் எடுத்துப் போட்டுவிடுங்கள். வாடை இல்லாமல் ரப்பர் மாதிரி கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது.

பசை வேண்டவே வேண்டாம். கல்லுக்குக் கல் ஒட்ட ஜெல் வகைப் பசை நல்லது. மஷ்ரூமின் உடம்பெல்லாம் வழவழப்பு. பசை அந்த வழவழப்பில்தான் ஒட்டும், மறுநாள் தோலை உரித்துக்கொண்டு அது நழுவிப் போகும். தானாகப் பிடித்தால்தான் பிடிப்பு.

நான் செய்கிற முறை இது. தயிர் டப்பாவின் பக்கங்களில் சூடான கம்பியால் ஏழெட்டு ஓட்டை போடுங்கள், உள்ளே தண்ணீர் தேங்கக் கூடாது. அடியில் சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சொரசொரப்பான சின்னக் கல் துண்டுகளை ஒரு வரிசை பரப்புங்கள். மஷ்ரூமை வாய் மேலே பார்க்க அதன் மேல் வையுங்கள். வாய் எது என்று குழம்பினால், நடுவில் சின்னக் குமிழ் மாதிரி இருப்பதுதான் வாய். அடிப்பக்கம் வெளுத்து, கிழிந்த காகிதம் மாதிரி இருக்கும். மேலே கொசுவலைத் துண்டைப் போட்டு ரப்பர் பேண்ட் மாட்டுங்கள். தொட்டியின் அடியில், வெளிச்சம் குறைந்த மூலையில் வைத்துவிட்டு, பத்து நாள் அந்தப் பக்கமே கை போகக் கூடாது.

கடைசிச் சொல்தான் கடினம் என்று எனக்குத் தெரியும். நாலு முறை இடம் மாற்றியதாக முதல் பதிவில் எழுதியிருந்தீர்கள். அக்கறையினால்தான் செய்தீர்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் அது வெளிச்சத்துக்கும் நீரோட்டத்துக்கும் முதலிலிருந்து பழக வேண்டியிருந்தது. இடம் பிடிக்காத மஷ்ரூம் பிடியை விட்டு மிதந்து போகும், கடலில் அது இடம் மாறுகிற வழியே அதுதான். உங்கள் சிவப்பும் அதைத்தான் செய்திருக்கிறது. ஓர் இடம் கொடுத்தால் இரண்டு வாரமாவது விட்டுவிடுங்கள்.

உப்பை 38லிருந்து ஒரே நாளில் 35க்கு இறக்காதீர்கள். நாளுக்கு 1க்கு மேல் வேண்டாம்.

பல்லாவரம்90 · மே 7, காலை 8.15

மோந்து பார்த்தேன், கடல் வாடை மட்டும்தான். கெட்டியாத்தான் இருக்கு. ரொம்ப நிம்மதி அக்கா.

கல் துண்டுக்கு ஒரு வழி இருக்கு. மாமா ராமேஸ்வரம் போறார், கரையில ஒதுங்கற பவளக்கல் கொஞ்சம் எடுத்துட்டு வரச் சொல்லட்டுமா?

முத்துக்குளித்துறை · மே 7, காலை 10.40

தயவுசெய்து சொல்லாதீங்க தம்பி. உங்க நல்ல மனசு புரியுது, அதனால கொஞ்சம் விரிவாவே எழுதுறேன்.

நான் தூத்துக்குடி. எங்க அப்பா காலத்துல பாருக்குப் போய் கல்லு வெட்டிட்டு வந்து கரையில மலை மாதிரி குவிப்பாங்க. கடலுக்கு அடியில இருக்கிற பவளத் திட்டை நாங்க பாருன்னுதான் சொல்லுவோம். வீடு கட்டவும் சுண்ணாம்புக்கும் வண்டி வண்டியாப் போகும். பாரு போனா தீவுக்கு அரண் போச்சு. மன்னார் வளைகுடாவில் 21 தீவு இருந்ததுல விலங்குசல்லியும் பூவரசன்பட்டியும் இப்ப தண்ணிக்குள்ள. 1986ல தேசியப் பூங்கா ஆக்கினாங்க, 1989ல உயிர்க்கோளக் காப்பகம். 2001ல பாறை கட்டுற பவளம் எல்லாத்தையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில சேர்த்தாங்க. புலி இருக்கிற அதே அட்டவணை. செத்துக் கரை ஒதுங்கினதும் அதுல அடங்கும். மாமா பையில நாலு கல்லு இருந்தாலும் வழக்குதான்.

அதையும் விடுங்க. அந்தக் கல்லு கரையில கிடந்தாத்தான் அடுத்த புயலுக்கு மணலைப் பிடிச்சு நிறுத்தும்.

கல்லுக்கு வேற வழி எத்தனையோ இருக்கு. ஃபில்டருக்குப் போடுற செராமிக் ரிங்கை உடைச்சா அருமையான சொரசொரப்பு கிடைக்கும். மார்க்கெட்ல சிப்பி வாங்கிக் குழம்பு வச்சா அந்த ஓட்டைக் கொதிக்க வச்சு, காய வச்சு உடைச்சுப் போடுங்க. என் தொட்டியில மஷ்ரூம் எல்லாம் சிப்பி ஓட்டு மேலதான் உக்காந்திருக்கு. இன்னொண்ணும் சேர்த்துச் சொல்லிடுறேன்: பவளம் வாங்கும்போது எங்கேருந்து வந்ததுன்னு கேளுங்க. பதில் சொல்லத் தயங்குற இடத்துல வாங்காதீங்க. ஒரு தொட்டியில பெருகினதை இன்னொருத்தருக்குக் கொடுக்கிறதுதான் இந்தப் பொழுதுபோக்குல நான் மதிக்கிற ஒரே வழி.

பல்லாவரம்90 · மே 7, காலை 11.05

மன்னிச்சுக்கோங்க அண்ணே, இது எதுவும் தெரியாமக் கேட்டுட்டேன். மாமாவுக்கு ஃபோன் போட்டு வேண்டாம்னு சொல்லிட்டேன். செராமிக் ரிங் வீட்டுலயே இருக்கு, உடைச்சுட்டேன்.

கோவை_ரீஃப் · மே 12, இரவு 9.30

வெப்பத்தைப் பத்தி யாரும் பேசலையேங்க? கோயமுத்தூர்ல ஃபேன் வச்சா 3 டிகிரி இறங்குதுங்க. சென்னையில எப்படி?

கடல்வீடு · மே 13, காலை 6.20

நல்ல கேள்வி. கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம், ஆவியாவது குறைவு. அதனால் இங்கே ஃபேன் 2 டிகிரி இறக்கினாலே அதிர்ஷ்டம். 28 வரை மஷ்ரூம் தாங்கும். 30 என்பது நாள் கணக்கில் நீடிக்கக் கூடாது. சில்லர் வாங்க முடியாதவர்கள் மே மாதத்தில் லைட்டைப் பகலில் போடாமல் மாலை ஐந்திலிருந்து இரவு பதினொன்று வரை போடுங்கள், லைட்டின் சூடு வெயிலின் சூட்டோடு சேராது. மூடியை எடுத்துவிடுங்கள், ஆனால் மேலே வலை கட்டுங்கள், மீன் குதிக்கும். கரண்ட் போனால் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, முதலில் திணறுவது மீன்தான்.

பல்லாவரம்90 · மே 24, இரவு 10.00

கை வைக்காம இருக்கிறது எவ்வளவு கஷ்டம்னு இந்தப் பதினேழு நாள்ல தெரிஞ்சுது. அம்மா டப்பா இருக்கிற பக்கம் "தொடாதே"ன்னு எழுதின பேப்பரைக் கண்ணாடியில ஒட்டி வச்சிருந்தாங்க.

இன்னைக்கு வலையை எடுத்தேன். டப்பாவைச் சாய்ச்சுப் பார்த்தேன், சிவப்பு நகரல. அடியில மூணு செராமிக் துண்டைச் சேர்த்துப் பிடிச்சிருக்கு! கல்லுல இருந்த நாலுல மூணு பழைய அளவுக்கு விரியுது. ஒரு நீலம் மட்டும் இன்னும் சின்னதாவே இருக்கு. நைட்ரேட் 6, உப்பு 35ல நிக்குது, வெப்பம் 28. மிச்சம் இருந்த ஒத்தை நத்தை கண்ணாடி முழுக்கச் சுத்துது.

ரெண்டு கேள்வி. இதுக்குச் சாப்பாடு தரணுமா? பெருசானதும் பிளேடால வெட்டிப் பெருக்கலாம்னு சொல்றாங்களே, எப்ப செய்யலாம்?

முத்துக்குளித்துறை · மே 24, இரவு 10.30

படிச்சதும் வீட்டுல எல்லாருக்கும் காட்டினேன். சந்தோஷம் தம்பி.

கடல்வீடு · மே 25, காலை 6.40

இப்போது பசை எடுக்கலாம். அந்த மூன்று துண்டின் அடியில் ஜெல் பசை வைத்து, நீங்கள் விரும்புகிற இடத்தில் கல்லோடு கல்லாக ஒட்டுங்கள்.

டிஸ்கோசோமாவுக்குத் தனியாக ஊட்ட வேண்டியதில்லை, பிடித்துச் சாப்பிடுகிற உணர்கொம்புகள் அதற்கு இல்லை என்றே சொல்லலாம். மீன் தின்று மீதி வருவதும் வெளிச்சமும் போதும். ரோடாக்டிஸ், ரிகார்டியா என்ற மற்ற இரண்டு மஷ்ரூம் வகைகளும் சின்ன மைசிஸ் (இறால் மாதிரி குட்டி உயிர்) துண்டு கொடுத்தால் மூடி விழுங்கும். யானைக்காது என்று விற்கிற ஆம்ப்ளெக்ஸிடிஸ்கஸை மட்டும் வாங்கிவிடாதீர்கள். தட்டு அளவுக்கு விரிந்து, தூங்கப் போகும் சின்ன மீனைச் சுருக்குப்பை மாதிரி மூடிச் சாப்பிட்டுவிடும். உங்கள் க்ளவுன் அதைத்தான் வீடு என்று நினைத்துப் போய்ப் படுக்கும்.

வெட்டுவது வாயின் குறுக்கே, இரண்டு பாதியிலும் வாயின் ஒரு பங்கு இருக்கிற மாதிரி. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், நறுக்கும்போது சாறு கண்ணில் தெறிக்கும். ஆனால் ஆறு மாதத்துக்கு வேண்டாம். நன்றாக இருக்கிற மஷ்ரூம் கல்லில் மெதுவாக நகரும்போது பாதத்தின் ஒரு துணுக்கைப் பின்னால் விட்டுப் போகும், அதிலிருந்தே குட்டி வரும். பிளேடு தேவையே இல்லை.

குட்டி வர ஆரம்பித்தால் நிற்காது, அதனால் இதையும் சொல்கிறேன். பசிபிக் பெருங்கடலில் பல்மைரா என்ற பவளத் தீவில் 1991ல் ஒரு மீன்பிடிக் கப்பல் மூழ்கியது. பின்னாளில் ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது கப்பலைச் சுற்றி ரோடாக்டிஸ் மஷ்ரூம் பவளப்பாறையையே மூடிப் படர்ந்திருந்தது. கப்பலை விட்டுத் தள்ளிப் போகப் போகக் குறைந்தது. இரும்பு கரைந்ததுதான் அதற்கு உரமாகியிருக்கும் என்று கருதினார்கள். 2013-14ல் கப்பலை வெட்டி அகற்றினார்கள். கடலிலேயே அப்படி என்றால் 75 லிட்டரில் யோசித்துப் பாருங்கள். மஷ்ரூம் கல்லைத் தனித் தீவாக மணல் நடுவில் வையுங்கள், மெயின் பாறையில் முட்டாமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். நாளை வேறு பவளம் வாங்கினாலும் அதன் பக்கத்தில் வைக்காதீர்கள். இது உரசினால் மற்றதுதான் கருகும். கார்பனை மாதம் ஒருமுறை மாற்றிக்கொண்டே இருங்கள்.

பல்லாவரம்90 · ஜூன் 29, இரவு 9.45

அக்கா, ஒரு சந்தேகம். பெரிய சிவப்பு ஒரு விரக்கடை நகர்ந்திருக்கு. அது முன்னாடி இருந்த இடத்துல கல்லு மேல சிவப்பா ரெண்டு புள்ளி, கடுகு அளவு. டார்ச் அடிச்சுப் பார்த்தா நடுவுல இன்னும் சின்னதா ஒரு புள்ளி தெரியுது. பாசியா, இல்ல நீங்க சொன்னதா?

கடல்வீடு · ஜூன் 30, காலை 5.55

நடுவில் தெரிகிற அந்தப் புள்ளி வாய். குட்டிதான் தம்பி. டார்ச்சை அணைத்துவிடுங்கள், அதற்கு வெளிச்சம் உறுத்தும்.

முத்துக்குளித்துறை · ஜூன் 30, காலை 7.30

ரெண்டுல ஒண்ணு பெருசானதும் எனக்கு. சிப்பி ஓடு நான் அனுப்பி வைக்கிறேன், அது மேல ஏறி உக்காரட்டும்.

பல்லாவரம்90 · ஜூன் 30, காலை 8.00

கண்டிப்பா அண்ணே. அந்த ஓட்டை அதுக்குப் பக்கத்துலயே வச்சுட்டு, நான் கையை எடுத்துக்கறேன்.